அவுட்போர்டு மோட்டாருக்கு மின்சாரப் பெட்ரோல் பம்ப்: பட்டறையில் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்

கார்புரேட்டர் வைத்த டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் மாட்டும் மோட்டார், வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. "பழைய பம்ப் போச்சு, இதுக்கெல்லாம் இப்போ சாமான் வராது, கரண்ட் பம்ப் போட்டுட்டா கவலையே இல்ல" என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். மோட்டாரை விட்டுவிட்டு வந்தேன்.

கோளாறு சின்னதுதான். வேகம் கூட்டினால் மூச்சு வாங்கும். பெட்ரோல் குழாயில் இருக்கும் ரப்பர் கைப்பல்பை அழுத்திக் கொடுத்தால் மறுபடி இழுக்கும். பம்ப் சரியாக இழுக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். பெரும்பாலான டூ-ஸ்ட்ரோக் மோட்டார்களில் பம்பைச் சுழற்றத் தனியாக எதுவும் கிடையாது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதற்குக் கீழே உள்ள கிராங்க்கேஸ் அறையில் அழுத்தம் கூடிக் குறையும். அது ஒரு சிறு துளை வழியாக வந்து டயாபிரம் என்ற சவ்வை ஆட்டும், அவ்வளவுதான். சவ்வு விறைத்துப்போனால் சவ்வை மாற்றலாம், அதற்கென்றே கிட் விற்கிறார்கள். பட்டறைக்காரர் கிட் பற்றி வாயே திறக்கவில்லை.

அவர்கள் மாட்டியது இன்ஜெக்‌ஷன் காருக்கான பம்ப். 40 பிஎஸ்ஐ அழுத்தத்துக்கு மேல் தள்ளக்கூடியது. கார்புரேட்டருக்குள் வரும் பெட்ரோலை நிறுத்தும் நீடில் வால்வு ஐந்தாறு பிஎஸ்ஐ வந்தாலே அடைக்க முடியாமல் திணறும், பெட்ரோல் வழியும். நடுவில் அழுத்தத்தைக் குறைக்கும் ரெகுலேட்டர் இல்லை. மூடியைத் திறந்தால் பெட்ரோல் நாற்றம் முகத்தில் அடித்தது. திரும்பக் கொண்டுபோனதற்கு, குழாயில் ஒரு கிளாம்பைப் போட்டு நெருக்கி, "இனி வழியாது" என்று அனுப்பிவிட்டார்கள். வழிவது குறைந்தது. ஆனால் முழு வேகத்தில் எஞ்சினுக்குப் போதிய பெட்ரோல் போகவில்லை.

வயரிங் இன்னும் மோசம். சாவியைத் திருப்பினால் பம்ப் ஓடும், எஞ்சின் நின்றாலும் நிற்காமல் ஓடும். பழைய பம்ப் டேங்கிலிருந்து உறிஞ்சி இழுத்தது. குழாயில் ஓட்டை விழுந்தால் காற்று உள்ளே போகும், எஞ்சின் திணறும். புதியதை டேங்க் பக்கம் வைத்துவிட்டதால் குழாய் முழுக்க அழுத்தம். ஓட்டை விழுந்தால் பெட்ரோல் வெளியே பீய்ச்சும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தேங்கும். அங்கே ஒரு தீப்பொறி போதும். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும்படி ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் வைப்பதும், தீப்பொறி வெளியே வராத படகுத்தர பம்பை வாங்குவதும் அதனால்தான். பேட்டரி இறங்கினால் கயிறு இழுத்தும் பயனில்லை என்பதையும் யாரும் சொல்லவில்லை. சிறிய மோட்டாரின் சார்ஜிங் காயில் மெதுவாக ஓட்டும்போது பெரிதாக எதுவும் தராது.

கடைசியில் எஞ்சினைக் கெடுத்தது வேறொன்று. பழைய பம்பைக் கழற்றிய இடத்தில் அந்தத் துளை கிராங்க்கேஸுக்குள் திறந்துகிடக்கும். கேஸ்கெட் வைத்துத் தகடு போட்டு இறுக்கி மூட வேண்டும். இவர்கள் சிலிகான் பேஸ்டைத் தடவி விட்டிருந்தார்கள். பெட்ரோல் பட்டால் அது ஊறி உப்பிக் கழன்றுவிடும். துளை வழியாகக் காற்று புகுந்தது. ஏற்கெனவே பெட்ரோல் குறைவு, இப்போது காற்று அதிகம். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடுதான் ஆயிலும் வரும் என்பதால் உயவும் குறைந்தது. மேல் சிலிண்டரின் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொண்டது.

வேறொரு மெக்கானிக் பிரித்துக் காட்டியபோதுதான் இவ்வளவும் தெரிந்தது. பழைய பம்பைச் சண்டை போட்டு வாங்கி வந்து அவரிடமே கொடுத்தேன். உடலிலும் வால்விலும் குறை எதுவும் இல்லை, சவ்வு மட்டும் அட்டை மாதிரி விறைத்திருந்தது என்றார்.

மின்சாரப் பம்பே ஆகாது என்று நான் சொல்லவில்லை. கார்புரேட்டருக்கென்றே குறைந்த அழுத்தப் பம்புகள் இருக்கின்றன, ஒழுங்காக மாட்டினால் நன்றாகவே ஓடும். ஆனால் மாட்டும் முன் பம்பின் மாடல், பிஎஸ்ஐ, எஞ்சின் நின்றால் அதை எது நிறுத்தும், பழைய துளையை எதை வைத்து அடைப்பார்கள் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். என் பில்லில் "பெட்ரோல் சிஸ்டம் வேலை" என்று ஒரே வரிதான். அதைக் காட்டிக் கேட்டால், நான் ஆயில் கலந்தது சரியில்லை என்கிறார்கள், வேறு ஆள் பிரித்த எஞ்சினுக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். இதுவரை எனக்கு ஒரு பைசாகூடத் திரும்ப வரவில்லை.