டூல் ரோல்: விரிக்க இடம் இருந்தால் நல்ல சாமான்

டூல் ரோல் என்பது சாமான்களைப் பாக்கெட் பாக்கெட்டாகச் செருகிச் சுருட்டிக் கட்டுகிற துணி. நான் வைத்திருக்கும் அதே ரோல் இப்போது 1,450 ரூபாயிலிருந்து 899-க்கு இறங்கியிருக்கிறது. கம்பெனி வேலையை விட்டுவிட்டுத் தனியாகச் சர்வீஸ் பார்க்கக் கிளம்பியிருக்கும் தம்பி ஒருவன் படத்தை அனுப்பி, "ஏனுங்ணா, இதுதானுங்களே நீங்க வச்சிருக்கறது? வாங்கிப் போடட்டுங்களா?" என்று கேட்டான். போனில் ஒரு வார்த்தையில் சொல்ல வரவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. திருப்பூரில் தையல் மெஷின் மெக்கானிக்காக இருப்பவன் சொல்வது இது. பிளம்பரும் பைக் மெக்கானிக்கும் இதைப் படித்துவிட்டு என்னோடு சண்டைக்கு வர வேண்டாம். அவர்கள் பாடு வேறு.

எத்தனை பாக்கெட், என்ன நீளம் என்பதெல்லாம் விற்கிற பக்கத்திலேயே இருக்கிறது. துணி 16 அவுன்ஸ் கித்தான், அதாவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 540 கிராம். துணியில் பொய் இல்லை. எக்ஸ்எல் வண்டியின் முன்பக்கம் போட்டு வெயிலிலும் மழையிலும் ஊரெல்லாம் சுற்றியும் துணி எங்கேயும் கிழியவில்லை. எண்ணெய் குடித்துக் கறுத்திருக்கிறது, அது தொழிலுக்குப் பொட்டு வைத்தமாதிரி. விடுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்துவிட்டால் மறந்துவிடுவேன்.

எக்ஸ்போர்ட் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஊசிக் கணக்கு தெரியும். ஊசி உடைந்தால் எல்லாத் துண்டும் கிடைக்க வேண்டும். கிடைத்த துண்டுகளை ஒட்டி ரிஜிஸ்டரில் ஏற்றி, பழையதைக் கொடுத்தால்தான் புது ஊசி தருவார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் பீஸ் முழுக்கத் தனியாகப் போய்விடும். பேக்கிங் ஆகும் முன் மெட்டல் டிடெக்டர் வேறு. ஒரு மில்லிமீட்டர் இரும்புக் குண்டைக்கூடக் கண்டுபிடிக்கிற அளவுக்குச் செட் பண்ணி வைத்திருப்பார்கள். இப்படிப்பட்ட இடத்துக்குள் வெளி மெக்கானிக் ஒருவன் போகிறான், அவன் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. தகரப் பெட்டிக் காலத்தில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான். மேலே கட்டிங் பிளேயர், அதற்குக் கீழே ஆலன் கீ, அடியில் பத்து வருஷத்துச் சரித்திரம்.

ரோலில் அந்தத் தொல்லை ஒழிந்தது. சுருட்டப் போகும்போது ஒரு பாக்கெட் காலியாக இருந்தால் கண்ணில் குத்துகிறது. எண்ண வேண்டியதில்லை. ஒருமுறை ட்வீசர் பாக்கெட் காலியாக நின்றது. லாக்ஸ்டிச் மெஷினின் தலையைச் சாய்த்துப் பார்த்தால் கீழே ஆயில் பேனுக்குள், அதாவது எண்ணெய்த் தட்டுக்குள், கிடக்கிறது. பெட்டியாக இருந்திருந்தால் அடுத்த கம்பெனிக்குப் போய்த்தான் தேடியிருப்பேன், இங்கே யாரோ எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துப் புதிதாக ஒன்றும் வாங்கியிருப்பேன். இந்த ஒரு காரியத்துக்காகவே ரோலுக்குக் கொடுத்த காசு சரி. இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை என்பதுதான் ஆச்சரியம். அவர்கள் தோல் கைப்பிடியையும் பித்தளைக் கொக்கியையும் காட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இன்னொன்று, இதில் வெல்க்ரோ இல்லை. பருத்தி நாடாவைச் சுற்றிக் கட்டுகிற மாதிரிதான். விமர்சனம் எழுதிய பாதிப்பேர் "வெல்க்ரோ கொடுத்திருக்கலாம்" என்று குறைப்பட்டிருக்கிறார்கள். பனியன் துணி ஓடுகிற லைனில் வெல்க்ரோவை ஒருதரம் திறந்து வைத்துப் பாருங்கள். அதன் கொக்கிகள் அந்தத் துணியின் கண்ணியைப் பிடித்து இழுத்துவிடும். பீஸ் போச்சு. போதாததற்குப் பஞ்சும் நூல் தூசியும் அடைத்துச் சில மாதத்தில் அது ஒட்டவும் மறந்துவிடும். நாடாதான் சரி.

இனி வருகிறேன் விஷயத்துக்கு.

இந்தச் சாமானை விரிக்க வேண்டும். எங்கே விரிப்பது?

தையல் மெஷின் மேஜை நாலடி நீளம், இரண்டடிக்கும் குறைந்த அகலம். இடதுபக்கம் வெட்டின பண்டல், வலதுபக்கம் தைத்த பீஸ், நடுவில் மெஷின் தலை, ஓரத்தில் டிரிம்மர். பீஸ் ரேட்டில் தைக்கிற அக்கா எழுந்து நின்று, மெஷின் நிற்கிற ஒவ்வொரு நிமிஷமும் தன் கூலி போகிறது என்று நம்மையே பார்த்துக்கொண்டிருப்பார். அங்கே போய் இரண்டரை அடிக்கு ரோலை விரித்தால் என்ன கேட்கும்? "அண்ணா, வெள்ளைப் பீஸுங்ணா, எடுங்க அத!" நியாயமான சத்தம்தான். சுருட்டி வைத்திருக்கும்போது தரையைத் தொடுகிற பக்கம் எதுவோ, விரித்ததும் மேஜையைத் தொடுகிற பக்கமும் அதுவேதான். வண்டியின் மண், முந்தைய கம்பெனியின் ஓவர்லாக் எண்ணெய், டீக்கடை பெஞ்சில் வைத்தபோது ஒட்டியது, எல்லாம் வெள்ளைப் பீஸ் மேல். அப்புறம் அந்த ஆயில் கறையை எடுக்கக் கறை எடுக்கிற ஆளைத் தேட வேண்டும், சூப்பர்வைசர் முகத்தையும் பார்க்க வேண்டும்.

தரையில் விரிக்கலாம். உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து எழுந்து முட்டி போய்விடும். கட்டிங் டேபிள் பக்கம் கொண்டுபோனால் கட்டிங் மாஸ்டர் கத்தியை எடுப்பார். கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற சின்னப் பவர் டேபிள் யூனிட்டுகளில் ஓனரே நகர்ந்து உட்கார்ந்து இடம் தருவார், அங்கே பிரச்சினை இல்லை. பெரிய கம்பெனியில் லைன் என்பது லைன்தான், ஒரு சாண் இடம் சும்மா இருக்காது.

பாதி மட்டும் விரித்து வேலையை முடிக்கலாமே என்று கேட்பீர்கள். அதையும்தான் முயன்றேன். அதிகம் புழங்குகிற குட்டைத் திருப்புளியையும் ஆலன் கீ செட்டையும் நாடா இருக்கும் முனைப் பக்கம் மாற்றி வைத்தேன். இரண்டு சுற்று பிரித்தால் கைக்கு வந்துவிட வேண்டும். ஆனால் பாக்கெட்டுகளை மூடுகிற மேல்மடிப்பு இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே துணி. பாதி சுருட்டில் இருக்கும்போது அது கோணிக்கொண்டு நிற்கிறது, முழுசாகத் திறக்காது. கையை உள்ளே நுழைத்துத் துழாவ வேண்டும். துழாவுவதற்குத் தகரப் பெட்டி போதாதா? அந்த மடிப்பை இரண்டாக வெட்டித் தைத்திருந்தால் தீர்ந்தது. கூடுதலாக இரண்டு ஓரம் அடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, தொங்கவிடலாம் என்றால், வருகிறது பாருங்கள் இந்த ரோலின் மகத்தான கண்டுபிடிப்பு. தொங்கவிட ஒரு வளையம் வைத்திருக்கிறார்கள். ஒன்றே ஒன்று, நட்டநடுவில். படத்தில் பார்க்க லட்சணமாக இருக்கும். சாமான்களை நிரப்பித் தொங்கவிட்டால் இரண்டு பக்கமும் வாடிய வாழையிலை மாதிரி மடிந்து விழுகிறது, ஓரத்துப் பாக்கெட்டில் இருக்கும் ஸ்பேனர் ஒவ்வொன்றாக நழுவுகிறது. ஓடுகிற லைனில் மேலேயிருந்து ஸ்பேனர் விழுந்தால் என்ன ஆகும்? இதை வடிவமைத்தவர் ஒருநாளாவது சாமானைப் போட்டுத் தொங்கவிட்டுப் பார்த்தாரா என்பதுதான் எனக்கு வாங்கின நாள்முதல் இருக்கும் சந்தேகம். பார்த்திருக்கவே மாட்டார்.

நான் என்ன செய்தேன் என்றால், மேல்மடிப்பின் வெளி ஓரத்தில் இரண்டு மூலையிலும் பித்தளை ஐலெட், அதாவது துணியில் துளை போட்டு அடிக்கிற வளையம், அடித்தேன். ரோலின் உடம்பில் இல்லை, மடிப்பின் ஓரத்தில். அங்கே அடித்து இரண்டு எஸ் கொக்கி போட்டு, லைனுக்கு மேலே டியூப்லைட் போகிற இரும்புச் சேனலில் மாட்டினால், மடிப்பு தானாக மேலே போய்விடுகிறது, பாக்கெட்டுகள் வாயைத் திறந்துகொண்டு கண்ணுக்கு நேரே நிற்கின்றன. வெள்ளைப் பீஸுக்கும் ரோலுக்கும் சம்பந்தமே இல்லை. இத்தனைக்கும் செலவு இரண்டு ஐலெட். இதை என்னிடம் 1,450 ரூபாய் வாங்கிக்கொண்டு விற்றவர்கள் செய்திருக்க வேண்டும், நான் செய்தேன். சேனல் எட்டாத உயரத்தில் இருக்கும் கம்பெனியில் இன்றும் பழைய கதைதான். நூல் ஸ்டாண்டில் மாட்டிப் பார்க்காதீர்கள், அது இந்தக் கனத்தைத் தாங்காது, மெஷின் ஓடும்போது ஆடும்.

தையலைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் என் தொழிலுக்கு மரியாதை இல்லை. பாக்கெட் வாயில் பார்டாக் இல்லை, அதாவது பிரியாமல் இருக்க ஓரத்தில் நெருக்கி அடிக்கிற பூட்டுத் தையல். வெறும் ரிவர்ஸ் தையல், அதுவும் மெல்லிய நூலில். ஒவ்வொரு தடவையும் பிளேயரை இழுக்கும்போது சுமை விழுகிற இடம் அந்த வாய்தான். குழந்தைகள் டிரவுசர் பாக்கெட்டுக்கே பார்டாக் அடித்து அனுப்புகிற ஊரில் இருந்துகொண்டு இதை எப்படிப் பொறுப்பது? முதலில் பிளேயர் பாக்கெட், பிறகு அதன் பக்கத்துப் பாக்கெட் என்று வரிசையாக வாய் விட்டது. கடைசியில் ஒரு கம்பெனியில் பார்டாக் மெஷினுக்குச் சர்வீஸ் முடித்த கையோடு, டிரையல் ஓட்டுகிற சாக்கில், கனமான டிபி 5 ஊசியும் 40-ம் நம்பர் நூலும் போட்டு எல்லா வாய்க்கும் அடித்துவிட்டேன். பனியனுக்கு ஓடுகிற 120-ஐப் போட்டு இந்தத் துணியைத் தைப்பது வீண். நூலில் நம்பர் குறையக் குறையக் கனம் கூடும், கித்தானுக்கு அந்தப் பக்கம்தான் போக வேண்டும். அடித்தபிறகு ஒரு வாயும் பிரியவில்லை.

பாக்கெட் ஆழமும் சரியில்லை. குட்டைத் திருப்புளி உள்ளே போய் ஒளிந்துகொள்கிறது. அடியில் பனியன் வேஸ்ட்டைச் சுருட்டித் திணித்திருக்கிறேன். துடைக்கவும் ஆச்சு, தூக்கி நிறுத்தவும் ஆச்சு.

ஜிப் வைத்த சின்னப் பை ஒன்று இருக்கிறது, அதற்கு மட்டும் ஒரு கும்பிடு. நம் மெஷின்களில் இருக்கும் ஸ்குருவெல்லாம் ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற ஜாதி இல்லை. 11/64 அங்குலம், அங்குலத்துக்கு 40 மரை என்று அதற்குத் தனிக் கணக்கு. தொலைந்த இடத்தில் கடையில் கிடைக்கிற மில்லிமீட்டர் ஸ்குரு எம்4 போட்டால் தொளதொளவென்று நிற்கும், எம்5 நுழையவே நுழையாது. நுழைக்கிறேன் என்று முறுக்கினால் மரை காலி. ஆகவே கழற்றியதும் அந்த ஜிப்புக்குள் போட்டுவிடுவது என் வழக்கம்.

தம்பி தோல் ரோல் ஒன்றின் படமும் அனுப்பியிருந்தான். பார்க்க ராஜா மாதிரி இருக்கிறது. ஆனால் ஆவாரம்பட்டை மாதிரி மரப்பட்டையில் பதப்படுத்தின தோலில் டானின் இருக்கும். ஈரம் சேர்ந்தால் அது இரும்பைக் கறுக்க வைக்கும், துருப்பிடிக்கவும் வைக்கும். ஐப்பசி மழையில் இரண்டு நாள் சுருட்டியே வைத்திருந்தால் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். மெழுகு பூசின கித்தான் என்று இன்னொரு வகை வருகிறது. குளிர் நாட்டுக்காரர்கள் கொண்டாடட்டும், நம்ம சித்திரை வெயிலில் அந்த மெழுகு இளகிச் சட்டையில் ஒட்டும், வெள்ளைப் பீஸைப் பற்றி நான் சொல்லவே வேண்டாம். ரெக்ஸின் மடிப்பு மடிப்பாக உரியும். உள்பக்கம் பூச்சு போட்ட நைலான் சில வருஷத்தில் பிசுபிசுக்க ஆரம்பிக்கும். சுற்றிச் சுற்றி வெறும் கித்தானுக்குத்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

கூட்டிக் கழித்துப் பார்த்தால் துணி நல்லது, நாடா நல்லது, காலி பாக்கெட் காட்டுகிற புத்தி ரொம்ப நல்லது. தையல் மோசம், அதைச் சரி பண்ணிவிட்டேன். தொங்கவிடுகிற வளையம் படுமோசம், அதையும் சரி பண்ணிவிட்டேன். இந்தக் கணக்குப்படி "வாங்கு" என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் நேற்று மத்தியானம் ஒரு கம்பெனியில் சேனல் எட்டவில்லை, ரோலை முழங்கால் மேல் விரித்துக்கொண்டு அரைமணி நேரம் லூப்பர் டைமிங், அதாவது ஊசியும் கீழ்நூல் கொக்கியும் சேருகிற நேரம், பார்த்தேன். எழுந்தபோது ஆலன் கீ அத்தனையும் தரையில். அதனால் தம்பிக்கு என் பதில்: வேண்டாம்.

"அப்ப நாமளே தைச்சுக்கலாங்ளாண்ணா?" என்றான். தைக்கலாம். 16 அவுன்ஸ் கித்தான், 40-ம் நம்பர் நூல், அங்குலத்துக்கு ஆறேழு தையல் போதும், எல்லா வாய்க்கும் பார்டாக், மேல்மடிப்பை இரண்டாக வெட்டு, அதன் ஓரத்தில் இரண்டு ஐலெட். பாக்கெட் ஆழம் எல்லாம் ஒன்றாக வேண்டாம், குட்டைச் சாமானுக்குக் குட்டைப் பாக்கெட். இதை நானும்தான் பல பேரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தைத்துத் தருகிறேன் என்று சொன்ன அத்தனை பேரும் இந்த ஷிப்மென்ட் முடியட்டும் என்கிறார்கள். திருப்பூரில் ஷிப்மென்ட் என்றைக்கு முடிந்திருக்கிறது? அதுவரை இதையேதான் தூக்கிக்கொண்டு அலைவேன்.

899 ரூபாயில் மனசு நிற்கவில்லை, வாங்கியே தீருவேன் என்றால், வாங்கின அன்றே சாமானைப் போடாமல் முதலில் பார்டாக்குக்குக் கொண்டு போ. வேறு பிராண்டு பார்ப்பதாக இருந்தால் விரித்துத் தொங்கவிட்ட படமும் பின்பக்கப் படமும் கேள். இரண்டும் தராத கடையை விட்டுவிடு.