பீக் அக்யூட்டி செயலி: நான்கு ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் கண் முகாமுக்கு ஆள் திரட்டும் தன்னார்வலனான நான், கண்பார்வையை அளக்கும் ‘பீக் அக்யூட்டி’ என்னும் இலவசக் கைப்பேசிச் செயலியை நான்கு ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். கென்யாவின் நக்குருவில் முதியவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது.

திரையில் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்து நான்கு திசைகளில் ஒன்றை நோக்கித் திரும்பி நிற்கும். எதிரே இருப்பவர் அதன் கால்கள் நீளும் திசையைக் கையால் காட்ட, நான் அத்திசையில் திரையைத் தடவ வேண்டும். “எனக்கு எழுத்துத் தெரியாதே சாமி” என்று முகாமின் எழுத்து அட்டையைக் கண்டதும் ஒதுங்கிய பாட்டிமார்கள், இதற்குத் தயக்கமின்றிக் கை நீட்டுகிறார்கள். சோதனைக்கு இணையம் தேவையில்லை. கைப்பேசிக்கும் எதிரே இருப்பவருக்கும் இடையிலான தூரத்தைக் கண்ணளவாக வைத்து முதல் ஆண்டில் நிறையப் பிழை செய்தேன். அதன்பின் அளந்து முடிச்சிட்ட கயிறு ஒன்றை எப்போதும் உடன் வைத்திருக்கிறேன். வெயில் திரையில் பட்டால் முடிவு கெட்டுவிடும் என்பதால் திண்ணை நிழலில்தான் சோதிக்கிறேன். ஒரு கண்ணை மூடிச் சோதிக்கும்போது குழந்தைகள் விரல் இடுக்கு வழியே பார்த்துவிடுவார்கள். உள்ளங்கையால் மூடச் சொல்ல வேண்டும்.

இச்செயலி அளப்பது தூரப்பார்வையை மட்டுமே. சாளேசுரம் வந்து ஊசியில் நூல் கோர்க்க முடியாதவரும் இதில் தேறிவிடுவார். சர்க்கரை நோயுள்ள ஒரு அக்காவுக்குப் பார்வை சரியாக இருக்கிறது என்று நானே சொல்லி அனுப்பினேன். சில மாதங்களில் மருத்துவமனையில் விழித்திரையைப் படமெடுத்தபோது பாதிப்புத் தெரிந்தது. அன்றிலிருந்து, சர்க்கரை இருக்கிறது என்று சொல்பவர்களைச் செயலி என்ன காட்டினாலும் விழித்திரைப் பரிசோதனைக்கு அனுப்பிவிடுகிறேன்.

ஆயினும், குறையைக் கண்டுபிடிப்பதைவிட, கண்டுபிடித்தவரை மருத்துவரிடம் கொண்டு சேர்ப்பதே கடினம் என்பதை இந்த ஆண்டுகள் எனக்குக் கற்றுத்தந்தன. கென்யாவின் டிரான்ஸ் நசோயா மாவட்டப் பள்ளிகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வும் இதையே காட்டுகிறது: ஆசிரியர்கள் கைப்பேசியில் சோதித்து, குழந்தைக்கு உலகம் எவ்வளவு மங்கலாகத் தெரிகிறது என்பதைப் படமாகக் காட்டி, பெற்றோருக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பிய பள்ளிகளில், பரிந்துரைக்கப்பட்ட மாணவர்களில் 54 விழுக்காட்டினர் மருத்துவமனைக்குச் சென்றனர், வழக்கமான முறையில் 22 விழுக்காட்டினரே சென்றனர்.

நான் வைத்திருக்கும் இலவசச் செயலி அளவிடுவதோடு நின்றுவிடுவதால், அனுப்பியவர்களின் பெயர்களை நோட்டில் எழுதி, பத்தாம் நாள் தொலைபேசியில் விசாரிக்கிறேன். முதியவரின் எண்ணைவிட அவர் மகன் அல்லது மருமகளின் எண்ணே பயன்படுகிறது. கண்புரை முற்றியவர்கள்கூட நூறு நாள் வேலை போய்விடும், ஆட்டைப் பார்க்க ஆளில்லை என்றுதான் தள்ளிப்போடுகிறார்கள். பயம் அதற்குப் பிறகே வருகிறது.

இந்த மாத நோட்டில் இன்னும் போகாதவர்கள் ஏழு பேர். அவர்களில் துணைக்கு ஆளில்லாத மூவரை வரும் சனிக்கிழமை முதல் பேருந்தில் நானே அழைத்துச் செல்கிறேன்.