கட் இல்லாத ஆறு நிமிடம், அதற்கு முந்தைய ஐம்பது நிமிடம்: 'ட்ரூ டிடெக்டிவ்' நான்காம் பாகம்

வெப் சீரிஸ் பார்க்கும் பசங்க நாலு பேர் சேர்ந்தால், அது வியாசர்பாடி டீக்கடையோ தண்டையார்பேட்டை மொட்டை மாடியோ, போலீஸ் கதை என்று பேச்சு எடுத்ததும் இந்தப் பாகம் வந்துவிடும். 'ட்ரூ டிடெக்டிவ்' முதல் சீசனில் மொத்தம் எட்டு பாகம். நான்காவதின் பெயர் 'ஹூ கோஸ் தேர்'. எச்.பி.ஓ. என்ற அமெரிக்க டிவி சேனலில் 2014 பிப்ரவரி 9 அன்று முதலில் ஒளிபரப்பானது. பேசுகிறவர்களில் பாதிப் பேர் பார்த்தது கடைசி ஆறு நிமிடத்தை மட்டும் வெட்டி எடுத்த கிளிப்பை. "கட்டே இல்லாம ஓடுது பா" என்று வியப்பார்கள். அந்த வியப்பு நியாயம்தான். ஆனால் கிளிப் மட்டும் பார்த்தவருக்குப் படபடப்பு பாதிதான் கிடைத்திருக்கும். மீதிப் பாதி அதற்கு முன்னால் ஓடும் ஐம்பது நிமிடத்தில் இருக்கிறது.

இனி வருவதில் கதை உடைபடும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படிக்கலாம்.

கதை நடப்பது 1995-இல், லூசியானா மாநிலத்தில். ரஸ்ட் கோல் (மேத்யூ மெக்கானஹே), மார்ட்டி ஹார்ட் (உடி ஹாரல்சன்) என்ற இரண்டு துப்பறிவாளர்கள் ஒரு பெண்ணின் கொலையைத் துருவுகிறார்கள். சந்தேகம் ரெஜி லெடூ என்ற போதை மருந்து காய்ச்சுபவன் மேல். அவன் சரக்கு போவது ஒரே ஒரு கும்பலுக்கு: 'அயர்ன் குருசேடர்ஸ்' என்ற பைக் கோஷ்டி. ரஸ்ட் முன்பு டெக்சாஸில் போதைத் தடுப்புப் பிரிவில் இருந்தபோது 'கிராஷ்' என்ற பெயரில் அதே கோஷ்டிக்குள் வாழ்ந்தவன். அந்தப் பழைய பெயரை மறுபடி போட்டுக்கொண்டு உள்ளே போகிறான்.

இங்கே நம்மூர் பார்வையாளர்களிடம் ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. "மஃப்டியில் போறான்" என்று சொல்லிவிடுகிறார்கள். மஃப்டி வேறு, இது வேறு. மஃப்டி என்றால் யூனிஃபார்ம் போடாத போலீஸ். பேர், ஊர், ஸ்டேஷன் எல்லாம் அவருடையதே. யாராவது பிடித்துக் கேட்டால் கார்டைக் காட்டிவிடலாம். ரஸ்ட் செய்வதில் காட்டுவதற்குக் கார்டே கிடையாது. பேச்சு, பழக்கம், உடம்பில் இருக்கிற தழும்பு வரைக்கும் இன்னொருவனுடையதாக இருக்க வேண்டும். அதனால்தான் வேடம் கட்டும் காட்சிக்கு இவ்வளவு நேரம் கொடுத்திருக்கிறார்கள். பழைய பெட்டியைத் திறக்கிறான். தோல் ஜாக்கெட், துப்பாக்கி, சாராயப் பாட்டில் வெளியே வருகின்றன. ஊசி குத்திய வடு போலத் தெரிய, கையில் மையையும் மிளகாய்த் தூளையும் ஏற்றிக்கொள்கிறான். இந்த ஒரு ஷாட்டை க்ளோசப்பில் நின்று பார்க்க வேண்டும். வலியில் முகம் சுளிப்பதில்லை. வேலை சரியாக வந்திருக்கிறதா என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். அவனுக்கு இது முதல் தடவை இல்லை என்பதை வசனமே இல்லாமல் சொல்லியாகிவிட்டது.

அடுத்தது எவிடென்ஸ் ரூம். கேஸில் பிடித்து வைத்திருந்த கோக்கெய்னை அங்கிருந்தே திருடுகிறான். அதிகாரிக்குச் சொன்ன காரணம், அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய், பார்க்கப் போகிறேன் என்பது. ஆக, கோஷ்டிக்கு ஒரு பொய், ஸ்டேஷனுக்கு ஒரு பொய். உண்மை தெரிந்தவன் மார்ட்டி ஒருவன்தான். இந்த இடத்தில்தான் பார்ப்பவர்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். "இவ்வளவு பெரிய ஆபீசர், மேலிடத்தில் சொல்லிட்டு ஃபோர்ஸோட போக வேண்டியதுதானே?" என்பது ஒரு கட்சி. கேள்வி சரியானது. கதைக்குள்ளேயே அதற்குப் பதிலும் இருக்கிறது. மேலிடம் இந்த கேஸை வேறு குழுவிடம் தள்ளிவிடப் பார்க்கிறது. பேப்பர் போட்டு, அனுமதி வாங்கி, ஆள் சேர்ப்பதற்குள் கேஸே கையில் இருக்காது.

எவிடென்ஸ் ரூம் திருட்டு எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் சட்டத்தை வைத்துப் பார்த்தால் உறைக்கும். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 52ஏ பிரிவு இருக்கிறது. பிடிபட்ட சரக்குக்குப் பட்டியல் போட்டு, மாஜிஸ்திரேட் முன்னால் சரிபார்த்து, போட்டோவும் மாதிரியும் எடுக்கச் சொல்லும் பிரிவு அது. மகசரில் (சரக்கைப் பிடித்ததும் எழுதும் பதிவில்) இருக்கும் எடை ஒன்று, கோர்ட்டில் காட்டும் எடை இன்னொன்று என்றால் எதிர்த்தரப்பு வக்கீல் அது ஒன்றை வைத்தே கேஸை ஆட்டிவிடுவார். அமெரிக்க நடைமுறை வேறுதான். ஆனால் சீல் உடைந்த பொட்டலம் எந்த ஊர் கோர்ட்டிலும் உடைந்த பொட்டலம்தான். ஒரு கேஸைத் துலக்க ரஸ்ட் இன்னொரு கேஸைப் பலி கொடுக்கிறான். இது தெரிந்து பார்த்தால், அவன் அந்த அறையில் நிற்கும் சில நொடிகளே துப்பாக்கிச் சண்டை அளவுக்குப் பதற வைக்கும்.

கோஷ்டியில் அவனுக்குப் பழக்கமானவன் ஜிஞ்சர் (ஜோசஃப் சிகோரா). லெடூவிடம் கூட்டிப்போக ஜிஞ்சர் கேட்கும் விலை, ஒரு கொள்ளைக்குத் துணை. கறுப்பின மக்கள் வாழும் குடியிருப்பில் சரக்குப் பதுக்கியிருக்கும் ஒரு வீட்டுக்குப் போலீஸ் உடையில் போய் அள்ளிக்கொண்டு வருவது திட்டம். போலீஸ்காரன் ரவுடி வேடம் போட்டு, அந்த ரவுடி போலீஸ் வேடம் போடுகிறான். சுடப்பட்டுச் செத்தால் எந்தப் பெயரில் சாவான் என்பதே குழப்பம். அங்கே போவதற்குள் ஜிஞ்சர் நீட்டும் போதையையும் ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கிளிப் பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் போவது இதுதான்: அந்த ஆறு நிமிடம் முழுக்க ரஸ்ட் தெளிந்த நிலையில் இல்லை. கண் வேகமாக அலைகிறது, தாடை இறுகியிருக்கிறது. மெக்கானஹே அதைக் கடைசி வரை விடாமல் பிடித்திருக்கிறார்.

இனி அந்த ஆறு நிமிடம். எங்கே என்ன தவறுகிறது என்று வரிசையாகப் பார்த்தால்தான் அதன் கட்டுமானம் புரியும். முதல் தவறு, உள்ளே எத்தனை பேர், எந்த அறையில் என்று தெரியாமலே நுழைவது. இரண்டாவது, நேரம். சரக்கு எங்கே என்று மிரட்டிக் கேட்டுக்கொண்டிருக்கும்போதே வெளியே ஆள் சேர ஆரம்பிக்கிறது. ரஸ்ட் அடிக்கடி ஜன்னலுக்குப் போவது அதைக் கணக்கெடுக்கத்தான். இடையில் ஒரு சிறுவனைக் குளியலறைத் தொட்டிக்குள் படுக்க வைத்துவிட்டு வருகிறான். மூன்றாவது தவறில் எல்லாம் கவிழ்கிறது: கோஷ்டியில் ஒருவன், பிடித்து வைத்திருந்தவனின் தலையில் சுட்டுவிடுகிறான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கொள்ளை கிடையாது, வெளியேறுவது மட்டும்தான். ரஸ்ட்டுக்கு ஜிஞ்சர் உயிரோடு வேண்டும். அவன் செத்தால் லெடூவுக்கு வழி அடைந்துவிடும். அவனை அடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வீடு, கொல்லைக்குக் கொல்லை போகிறான். நடுவில் ஒரு வீட்டுப் போனில் மார்ட்டியைக் கூப்பிட்டு, காரோடு வரத் தொண்ணூறு நொடி கெடு கொடுக்கிறான். அந்தக் கெடுவுக்குப் பிறகு பார்ப்பவரும் மனசுக்குள் எண்ண ஆரம்பித்துவிடுகிறார். கட் இருந்தால் நேரத்தை நீட்டலாம், சுருக்கலாம். கட் இல்லாததால் அந்தத் தொண்ணூறு நொடியில் இயக்குநர் ஏமாற்ற முடியாது. ஒரே ஷாட்டில் எடுத்ததன் பலன் இங்கேதான். வித்தை காட்டுவதற்காக எடுத்தது என்று சொல்பவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ரஸ்ட் ஜிஞ்சரோடு தாண்டும் வேலியில் கேமரா எப்படி ஏறியது என்பது எல்லாரும் கேட்கும் கேள்வி. கேமரா குலுங்காமல் இருக்க உடம்பில் கட்டிக்கொள்ளும் ஸ்டெடிகேமோடு ஆபரேட்டர் ஓடி வருகிறார். வேலி வந்ததும் தூக்கி இறக்கும் கைக்கிரேன் போன்ற அமைப்பில் ஏறி அந்தப் பக்கம் தாண்டுகிறார். இந்த சீசன் டிஜிட்டலில் எடுத்தது இல்லை, 35 மி.மீ. பிலிம். ஒரு ஃப்ரேமுக்கு ஓரத்தில் நான்கு துளை என்ற வழக்கமான ஓட்டத்தில் நொடிக்கு 24 ஃப்ரேம் என்றால் நிமிடத்துக்கு 90 அடி பிலிம் ஓடும். ஆறு நிமிடத்துக்கு 540 அடி. தோளில் சுமக்க வசதியான 400 அடி மேகசின் (பிலிம் சுருள் வைக்கும் பெட்டி) நாலரை நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும், அதைவிடப் பெரியதுதான் வேண்டும். மெமரி கார்டு காலத்தில் பழகியவர்களுக்கு இந்தச் சுமை சட்டென்று தோன்றாது. நடுவில் ஒருவர் கால் இடறினால் அத்தனை பிலிமும் வீண், வெடி, கண்ணாடி, கூட்டம் எல்லாவற்றையும் மறுபடி அடுக்க வேண்டும். இயக்குநர் கேரி ஜோஜி ஃபுகுனாகாவுக்கும் ஒளிப்பதிவாளர் ஆடம் ஆர்காபாவுக்கும் இதே பாகத்துக்காக 2014-இல் எம்மி என்ற அமெரிக்க டிவி விருது கிடைத்தது. இரண்டும் தகுதியான விருது.

வடசென்னைக்காரர்கள் இந்தக் காட்சியை மற்றவர்களைவிட நன்றாகப் படிப்பார்கள் என்பது எங்கள் எண்ணம். ஹவுசிங் போர்டு பிளாக்குக்குள் தெரியாத நாலு பேர் நுழைந்தால் என்ன ஆகும் என்று இங்கே சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் முனைக் கடையில் பேச்சு நிற்கும். கீழே கேரம் ஆடுகிற பசங்க காயை விட்டுத் தலை தூக்குவார்கள். குடத்தோடு படியேறுகிறவர் பாதிப் படியில் நின்றுவிடுவார். இரண்டாவது மாடி வராண்டாவில் துணி எடுக்க வந்தவர் எடுக்காமலே உள்ளே திரும்பிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஒரு நிமிடத்துக்குள் மொத்த பிளாக்குக்கும் தெரிந்துவிடும். வந்த வழியில் திரும்ப முடியாது. ஜிஞ்சர் கோஷ்டிக்கு இந்தக் கணக்கு தெரியவில்லை, ரஸ்ட்டுக்குத் தெரியும். அவன் பார்வை துப்பாக்கி வைத்திருப்பவன் மேல் நிற்பதைவிட ஜன்னல் மேல் நிற்பது அதனால்தான். சந்துகளைக் கேமரா காட்டும் விதமும் நேர்மையானது. வலது எங்கே, இடது எங்கே, பின்கதவு எங்கே திறக்கிறது என்று குழப்பாமல் கூடவே கூட்டிப்போகிறது.

இதே கண்ணால் பார்த்தால்தான் இந்தப் பாகத்தின் பெரிய குறையும் தெரிகிறது. அந்தக் குடியிருப்பில் வாழும் மக்களுக்கு முகமே இல்லை. துப்பாக்கியோடு ஓடுகிறவர்கள், கத்துகிறவர்கள், சந்தில் குறுக்கே வருகிறவர்கள், அவ்வளவுதான். தொட்டிக்குள் படுத்த சிறுவன் ஒருவன்தான் விதிவிலக்கு, அவனும் நல்ல போலீஸ்காரனின் மனசைக் காட்டத்தான் வருகிறான். செத்தவன் யார், அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் என்ன நடந்தது என்று கதை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. போலீஸ் உடையில் வந்தவர்கள்தான் கலவரத்தை மூட்டினார்கள். பழி சுமக்கப்போவது குடியிருப்பு. காசிமேடு, வியாசர்பாடி என்று பெயர் போட்டாலே திரையில் கத்தி வந்துவிடுவதைப் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில், பதற்றம் அடங்கியதும் "அந்தப் பையன் என்ன ஆனான்?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலி ஏறிய கேமராவைப் பற்றிய கேள்வியைவிட இது முக்கியமான கேள்வி. எழுதிய நிக் பிஸலாட்டோ இதற்கு ஒரு காட்சி ஒதுக்கியிருந்தால் பாகம் இன்னும் கனமாக இருந்திருக்கும்.

மார்ட்டியின் குடும்பம் உடையும் பகுதியை இழுவை என்று தள்ளிவிடுகிறவர்கள் பலர். தள்ள வேண்டாம். கள்ளத் தொடர்பு மனைவி மேகிக்குத் தெரிந்து, அவள் பிள்ளைகளோடு விலகிப்போனபின் தடுமாறி நிற்கிற அதே ஆளை நம்பித்தான் ரஸ்ட் அந்தத் தொண்ணூறு நொடியைக் கொடுக்கிறான். கதையின் இடையிடையே, 2012-இல் போலீஸ் இவர்கள் இருவரையும் விசாரிக்கும் காட்சிகள் வரும்; அங்கே அப்பாவின் நோய் என்ற அந்த லீவு காரணத்தை இருவரும் இன்னும் கட்டிக் காப்பதும் கவனிக்க வேண்டியது; பதினேழு வருடம் கழித்தும் வேடம் கலையவில்லை.

பார்க்கும் விதத்திலும் சில விஷயம் இருக்கிறது. அந்த ஆறு நிமிடம் முழுக்க இரவுக் காட்சி என்பதால் டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் காட்சிக்குப் பதில் உங்கள் அறைதான் திரையில் தெரியும். டிவியில் 'விவிட்' மோடை விட்டு 'சினிமா' மோடுக்குப் போய், அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங்கை அணைக்க வேண்டும். அது ஓடினால் பிலிமின் ஓட்டம் கெட்டு, மெகாசீரியல் செட் மாதிரி ஆகிவிடும். மொபைலில் பார்ப்பவர்கள் முன்கூட்டியே நல்ல தரத்தில் டவுன்லோடு செய்துகொள்வது நல்லது. நெட் தடுமாறினால் தரம் தானாக இறங்கும், இருட்டெல்லாம் கட்டம் கட்டமாகத் திட்டுத் திட்டாகிவிடும். ஹெட்போன் கட்டாயம்: சைரன் எந்தப் பக்கம் நெருங்குகிறது, எந்தச் சுவருக்குப் பின்னால் கத்துகிறார்கள் என்பது காதில்தான் விழுகிறது, மின்விசிறிச் சத்தத்தில் அது காணாமல் போகும். தெற்கத்தி அமெரிக்க உச்சரிப்பை ரஸ்ட் வாய்க்குள்ளேயே முனகுவதால் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவர்களும் சப்டைட்டில் போட்டுக்கொள்ளலாம். நிர்வாணம், போதை, தலையில் சுடும் காட்சி எல்லாம் இருப்பதால் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கும்போது போட வேண்டாம்.

முதல் மூன்று பாகத்தைப் பார்க்காமல் இதைத் தொடாதீர்கள். இதை முடித்த கையோடு ஐந்தாவதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள். ஜிஞ்சரை வைத்து லெடூவின் கூட்டாளியைச் சந்திப்பதிலிருந்துதான் அது தொடங்குகிறது; ஒரு வாரம் இடைவெளி விட்டால், வேலி தாண்டி காரில் ஏறியபோது இருந்த அந்த மூச்சிரைப்பு உங்களோடு அங்கே வந்து சேராது.