இன்டீரியர் தொழிலுக்குப் பார்ட்னர்ஷிப்பா, எல்.எல்.பி.யா?

ஒருவர் டிசைன், இன்னொருவர் சைட் வேலை என்று இருவர் சேர்ந்தால், 1932 சட்டப்படியான கூட்டாண்மை தொடங்கச் சுலபம்: முத்திரைத்தாளில் பத்திரம், பான், வங்கிக் கணக்கு. பதிவு கட்டாயமில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பதியாத நிறுவனம், கடைசித் தவணையைத் தராத வாடிக்கையாளர் மீது வழக்குப் போட முடியாது. போதாததற்கு, தொழிலுக்காகப் பங்குதாரர் பிளைவுட் கடையில் வைத்த பாக்கிக்கு உங்கள் சொந்த வீடும் பொறுப்பு.

எல்.எல்.பி.யில் (வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை) கடன் பொறுப்பு போட்ட முதலோடு நிற்கும் (வங்கிக் கடனுக்குத் தனி ஜாமீன் கொடுத்தால் அது வேறு கதை). பங்குதாரர்களுக்கு இடையிலான ஒப்பந்தத்தை, எல்.எல்.பி. பதிவான 30 நாளில் படிவம் 3-இல் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். வேலையே இல்லாத ஆண்டிலும் படிவம் 8 (கணக்கு அறிக்கை), படிவம் 11 (ஆண்டு அறிக்கை) தாக்கல் உண்டு.

அட்வான்ஸ் வாங்கி முழு வேலையும் எடுப்பவர்களுக்கு எல்.எல்.பி.; வரைபடக் கட்டணம் மட்டும் வாங்குபவர்களுக்குப் பதிவு செய்த கூட்டாண்மையே போதும்.

எதுவானாலும் லாப விகிதத்தை எழுதுங்கள்; இல்லையேல் சட்டம் சமபங்கு என்றே கொள்ளும். பங்குதாரர் சம்பளத்தை எழுதாவிட்டால் வருமான வரியில் செலவாகக் கழிக்க முடியாது. ஹார்டுவேர் கடைக் கமிஷன் யாருக்கு, பிரிந்தால் வரைபடங்களும் சைட் போட்டோக்களும் யாருக்கு என்பவற்றுக்குத் தனித்தனி சரத்து வையுங்கள். சண்டை பெரும்பாலும் அங்கேதான் வரும்.