டிகேஎம்எஸ் நீண்டகால அனுபவம்: 5.14 என்ற எண்ணை நம்பாதீர்கள்

கப்பலூர் சிட்கோ பக்கம் ஒரு நூற்பாலையில் ரிங் ஃபிரேம்களின் ஓட்டத்தை எண்ணும் பல்ஸ் கவுண்டர் கார்டுக்கு நான்தான் டிரைவர் பராமரிக்கிறேன். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலோடு சேர்ந்து வராத தனி மாட்யூல், அதாவது கர்னலுக்குள் தனியாக ஏற்றும் நிரல் துண்டு. திருநகர் நண்பன் ஒருவன் போனில், "மாப்ள, எங்க கார்டுக்கும் டிகேஎம்எஸ் போட்டுரலாம்னு இருக்கோம். நீ வச்சிருக்கேல்ல, எப்படி?" என்றான். அவனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் இது.

டிகேஎம்எஸ் (டைனமிக் கர்னல் மாட்யூல் சப்போர்ட்) நல்ல கருவிதான், சந்தேகமே இல்லை. புதுக் கர்னல் வந்து, அதற்கான ஹெடர் பேக்கேஜும் (பில்டுக்குத் தேவையான கர்னல் அறிவிப்புக் கோப்புகள்) இருந்துவிட்டால் மாட்யூலைத் தானே பில்ட் செய்து வைத்துவிடும். எனக்கு மிகவும் பிடித்தது அதன் கே ஆப்ஷன். ஓடிக்கொண்டிருக்கும் கர்னலை விட்டுவிட்டு வேறு கர்னலின் பெயரைக் கொடுத்தால், ரீபூட் செய்யாமலே அதற்கும் பில்ட் ஆகிறதா என்று பார்த்துவிடலாம். டெபியன் 12-க்குக் கர்னல் 6.1, உபுண்டு 22.04-க்கு 5.15, 24.04-க்கு 6.8 என்று டிஸ்ட்ரோவுக்கு (லினக்ஸ் வகைக்கு) ஒரு கன்டெய்னர், அதாவது தனித்த சூழல் வைத்து, அதனதன் கம்பைலரோடு ஓட்டுகிறேன். டீ குடித்துவிட்டு வருவதற்குள் முடிவு தெரிந்துவிடும்.

என்னைப் படுத்துவது ஒன்றே ஒன்று, பதிப்பு எண். டிரைவர்கள் கூப்பிடும் கிளாஸ்_கிரியேட் என்ற கர்னல் ஃபங்ஷனுக்கு முன்பு இரண்டு ஆர்கியூமெண்ட் (உள்ளே கொடுக்கும் மதிப்பு). கர்னல் 6.4-இல் திஸ்_மாட்யூல் என்பதை எடுத்துவிட்டு ஒன்றாக்கினார்கள். எல்லாரையும் போல நானும் 6.4-க்குக் கீழே பழையது, மேலே புதியது என்று ஒரு இஃப் போட்டிருந்தேன். ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 9 குடும்பத்துக் கர்னலோ ஆரம்பத்திலிருந்து 5.14 என்றே பெயர் சொல்லும். பிந்தைய பதிப்புகளில் மெயின்லைன் (லினக்ஸின் மூலக் கர்னல் வரிசை) மாற்றங்களை அள்ளிக்கொண்டு வந்து உள்ளே வைத்திருப்பார்கள். திருமங்கலம் என்று போர்டு போட்டுக்கொண்டு வேறு ஊருக்குப் போகிற பஸ்தான் அது. "ஆர்கியூமெண்ட் அதிகம்" என்று மேக் என்ற பில்ட் கருவியின் லாகின் நடுவில் ஒரு வரி வரும். எண்ணைப் பார்த்தால் காரணம் புரியவே புரியாது.

ரெட் ஹேட் பக்கமும் நியாயம் உண்டு. புது ஹார்டுவேரும் பாதுகாப்புத் திருத்தமும் பழைய எண்ணுக்குள்ளேயே வரவேண்டும் என்றுதான் வாடிக்கையாளர்கள் கேட்கிறார்கள். கர்னலின் உள் ஏபிஐ (மாட்யூல்கள் கூப்பிடும் ஃபங்ஷன்களின் வடிவம்) மாறிக்கொண்டேதான் இருக்கும் என்பதை கர்னல் பராமரிப்பாளர் கிரெக் குரோவா-ஹார்ட்மன் எழுதிய குறிப்பு கர்னல் ஆவணத்திலேயே இருக்கிறது. தனி மாட்யூல் வைத்திருப்பவன் அந்தப் பாட்டைப் பட்டுத்தான் ஆகவேண்டும். அந்தக் குடும்பத்துக்கென்றே இருக்கும் ரெல்_ரிலீஸ்_கோட் மேக்ரோவை (எந்த ரெட் ஹேட் பதிப்பு என்று சொல்வது) அந்த இஃபில் சேர்க்கலாம். அதைவிட ஓபன் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமைத் திட்டம் செய்வதுதான் சரியான வழி: எண்ணைக் கேட்காமல், ஒரு சின்ன சி ஃபைலை அந்த ஹெடரோடு கம்பைல் செய்து பார்த்து, எந்த வடிவம் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்வது. இப்போது அதற்கு மாறிவிட்டேன். பில்ட் ஆனதை விர்ட்மி-என்ஜி என்ற மெய்நிகர் மெஷின் கருவி கொண்டு அந்தந்தக் கர்னலில் பூட் செய்து, ஏற்றி இறக்கியும் பார்க்கிறேன். கார்டே இல்லாவிட்டாலும் சிம்பல் (கர்னலிடம் மாட்யூல் தேடும் பெயர்) பொருந்தாதது அங்கே பிடிபட்டுவிடும்.

இவ்வளவு பாராட்டிவிட்டுச் சொல்கிறேன்: ஆலை சர்வரில் டிகேஎம்எஸ் போடாதே. போன மாதம் ராத்திரி ஷிப்டில் கரண்ட் போய் வந்தது. சர்வர் புதுக் கர்னலில் எழுந்தது. அதே 5.14 என்பதால் அப்டேட் ஆனபோது யாரும் கவலைப்படவில்லை. "சார், கவுண்டர் பூரா சைபர் காட்டுது" என்று சூப்பர்வைசர் கூப்பிட்டார். பில்ட் தோற்ற செய்தி வர்/லிப்/டிகேஎம்எஸ் கீழே யாரும் திறக்காத லாகில் கிடந்தது. உற்பத்திக் கணக்கு எழுதுகிற இடத்தில் கம்பைலர் ஓடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இப்போது மாட்யூலை இங்கேயே பில்ட் செய்து, சோதித்து, ரெடி பேக்கேஜாக அனுப்புகிறேன். அது போய்ச் சேரும்வரை ஆலையில் கர்னல் அப்டேட் பூட்டித்தான் இருக்கும். செக்யூர் பூட்டுக்கான (கையெழுத்திட்ட மாட்யூலை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு) கையெழுத்தும் இங்கேயே போட்டுவிடுவதால் சாவியை அங்கே வைக்கவேண்டியதில்லை. உன் மேசையில் இருக்கிற மெஷினுக்கு என்றால் தாராளமாக டிகேஎம்எஸ் போட்டுக்கொள்.