கோவையா, ஐரோப்பாவா: ஃபார்முலா கார் ஓட்ட ஆசைப்படும் நெல்லைப் பையனுக்கு எது தோது?

என் அக்கா மகன் கார்ட்டிங்கில் (சின்னத் திறந்த வண்டிப் பந்தயம்) ஓரளவு நன்றாகவே ஓட்டினான். அடுத்து ஒற்றை இருக்கை ஃபார்முலா கார்தான் என்று ஒற்றைக்காலில் நின்றான். அத்தானுக்கு மாதச் சம்பளம், எனக்கு நெல்லைப் பேட்டையில் ஒரு லேத் பட்டறை. பணம் போடப்போவது நாங்கள் இரண்டு பேர்தான் என்பதால் எல்லா வழியையும் விசாரித்தோம். கடைசியில் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கும் எல்ஜிபி ஃபார்முலா 4 பந்தயத்துக்குப் போனோம். இதே குழப்பத்தில் இருக்கும் வீடுகள் நம் பக்கத்தில் இன்னும் சில இருக்கின்றன என்று தெரிந்ததால் எழுதுகிறேன்.

பைக் ரேஸ் இதைவிட மலிவு. கம்பெனிகளே தேர்வு வைத்து, வண்டியும் கொடுத்து ஓட்டவிடுகிறார்கள். ஆனால் அக்கா பைக் என்ற சொல்லையே எடுக்கவிடவில்லை. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மிச்சம் இருந்தவை மூன்று. ஐரோப்பாவுக்கு அனுப்புவது, இங்கேயே ஃபார்முலா 4 இந்தியச் சாம்பியன்ஷிப், இல்லையென்றால் எல்ஜிபி (பெயரில் ஃபார்முலா 4 இருந்தாலும் அது வேறு பந்தயம், வேறு கார்).

ஐரோப்பாதான் ராஜபாட்டை, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். கார்ட்டிங், ஃபார்முலா 4, ஃபார்முலா ரீஜனல், ஃபார்முலா 3, ஃபார்முலா 2 என்று படிப்படியாக ஏறி, ஃபார்முலா 1 வாசலுக்கு வர சூப்பர் லைசென்ஸ் வேண்டும். அதற்குப் பொதுவாக 18 வயது ஆகியிருக்க வேண்டும், மூன்று சீசனுக்குள் 40 புள்ளி சேர்த்திருக்க வேண்டும். ஃபார்முலா 2இல் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் அந்த 40உம் ஒரேயடியாகக் கிடைத்துவிடும். எல்ஜிபியில் எத்தனை கோப்பை வாங்கினாலும் இந்தக் கணக்கில் ஒரு புள்ளிகூட ஏறாது. எங்கள் வழியின் பெரிய குறை இது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஆனால் அந்த ராஜபாட்டையில் போனவர்களுக்கு என்ன கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். இந்தியாவிலிருந்து ஃபார்முலா 1இல் ஓட்டியவர்கள் இரண்டே பேர், இருவரும் தமிழ்நாட்டுக்காரர்கள். கோவையின் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்கு ஓட்டினார். அந்த வருடம் அமெரிக்கப் பந்தயத்தில், டயர் பிரச்சினையால் மிஷலின் டயர் போட்ட கார்கள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, ஓடிய ஆறு கார்களில் நான்காவதாக வந்து 5 புள்ளி எடுத்தார். சென்னையின் கருண் சந்தோக் 2010இல் ஹெச்ஆர்டி அணியில் ஓட்டினார். அவர்களுக்குப் பின் வந்த ஜெஹான் தாருவாலா ஃபார்முலா 2இல் பந்தயங்களே ஜெயித்தவர். 2022இல் மெக்லாரன் ஃபார்முலா 1 காரைச் சோதனைக்கு ஓட்டியும் பார்த்தார். அப்படியும் இடம் கிடைக்கவில்லை. இருப்பதே இருபது சொச்சம் இருக்கை. செலவோ, ஃபார்முலா 2இல் ஒரு சீசனுக்கு 20 லட்சம் யூரோவுக்கு மேல் என்று வெளிப்படையாகவே பேசுகிறார்கள். ஃபார்முலா 1 ஓட்டுநர் எஸ்தபான் ஒக்கானின் பெற்றோர் வீட்டை விற்றுவிட்டு கேரவனில் குடியிருந்து மகனை ஓட்டவைத்தார்கள். பிரான்ஸில் இருந்தவர்களுக்கே அந்த நிலை.

சரி, காரில் இடம் பிடிக்கக் கட்டும் பணத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் பேச வந்தது இடித்தால் ஆகும் செலவைப் பற்றி. எங்கள் முடிவைத் தீர்மானித்தது அதுதான்.

ஃபார்முலா கார் யாரும் சொந்தமாக வாங்கி வைத்துக்கொள்வதில்லை. ஒரு அணியிடம் சீசனுக்கு வாடகை பேசுகிறோம். கார், மெக்கானிக், இன்ஜினியர், டயர் எல்லாம் அந்த வாடகைக்குள் அடங்கும். சேதாரம் மட்டும் பெரும்பாலும் தனி. நம் பையன் இடித்தாலும், பின்னால் வந்தவன் நம் பையனை இடித்தாலும், நம் காருக்கு நாம்தான் கட்ட வேண்டும்.

ஃபார்முலா 4 இந்தியச் சாம்பியன்ஷிப்பில் ஓடுவது பிரான்ஸின் மிகால் நிறுவனத்து கார். ஓட்டுநர் உட்காரும் கூடு கார்பன் ஃபைபர், தலைக்கு மேல் ஹாலோ என்ற பாதுகாப்பு வளையம், டர்போ இன்ஜின். பாதுகாப்பில் எல்ஜிபியைவிடப் பல படி மேலே, அதை மறைக்க மாட்டேன். ஆனால் முன் இறக்கை போனால் பொருள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். விலை, சுங்கம், காத்திருப்பு எல்லாம் நம் தலையில். கார்பன் கீறல் விட்டால் அது மேலோட்டமானதா, உள்ளே போயிருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது.

எல்ஜிபி கார் இரும்புக் குழாய்ச் சட்டம். மேல்மூடி ஃபைபர் கிளாஸ், இன்ஜின் 1300 சிசி மாருதி. சஸ்பென்ஷன் கை வளைந்தால் அதை எப்படிச் செய்வது என்று என் பட்டறைப் பையன்களுக்கே தெரியும் (பந்தயக் காரில் நாங்கள் கை வைக்க விடமாட்டார்கள், அது வேறு). கோவையில் அதற்கென்றே பழகிய ஆட்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை இடித்த கார் ஞாயிற்றுக்கிழமை பந்தயம் தொடங்கும் வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கோவை இதற்கு வாகான ஊரானதற்கு முக்கியக் காரணம் கரிவர்தன். உள்ளூரிலேயே ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டிக் கொடுத்தவர் அவர். 1995இல் விமான விபத்தில் இறந்துபோனார். டிராக்குக்கு அவர் பெயர்தான். ரோலான் செயின் செய்கிற எல்ஜிபி நிறுவனமும் அதே ஊர்தான்.

பணம் மட்டும் என்றால் கடனை உடனை வாங்கியாவது சமாளிக்கலாம். ஆனால் இந்தச் சேதார பில் பையனின் காலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு அணியிடம் ஃபார்முலா 4 காரை ஒரு நாள் சோதனைக்கு எடுத்து ஓட்டவிட்டோம். இறங்கி வந்தவன் முகம் சரியில்லை.

“என்னல, கார் பிடிக்கலையா?”

“கார் சூப்பர் மாமா. ரெண்டு இடத்துல உள்ளே நுழைஞ்சிருக்கலாம். மூக்கு ஒடைஞ்சா என்ன ஆகும்னு நெனச்சேன், கால் தானா பிரேக்குக்குப் போயிட்டு.”

பதினாறு வயதுப் பையன் வளைவுக்கு முன்னால் வாடகைப் பத்திரத்தை நினைத்தால் அங்கேயே பத்து மீட்டர் போய்விடும். பக்கத்து காரில் இருப்பவனுக்கு அந்த நினைப்பு இல்லை, அவன் அப்பா கட்டிவிடுவார். எல்ஜிபியில் இவன் முட்டி மோதித்தான் ஓட்டுகிறான். எல்லோருக்கும் ஒரே மாதிரி கார், பெரிய இறக்கை கிடையாது. அதனால் முன்னால் போகிறவனின் வாலைப் பிடித்துக்கொண்டே வளைவில் நுழைய முடிகிறது. முந்தவும் முந்தவிடாமல் தடுக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டான்.

தூரமும் ஒரு காரணம். சென்னைப் பக்கத்து இருங்காட்டுக்கோட்டை டிராக் 3.7 கிலோமீட்டர், கரி சுமார் 2.1. ஓட்டிப் பழக இருங்காட்டுக்கோட்டைதான் மேல், வேக வளைவுகள் அங்கேதான். ஆனால் நமக்கு அது 600 கிலோமீட்டர். கரி டிராக் இருக்கும் செட்டிப்பாளையம் அதில் பாதிக்குச் சற்று மேல்தான். மதுரை, திண்டுக்கல், தாராபுரம் வழியாகப் போய் பல்லடத்திலேயே திரும்பிவிடலாம், கோவை நகருக்குள் சிக்க வேண்டாம். திங்கள்கிழமை காலை பாளையங்கோட்டையில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பையனுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஸ்பான்சர் விஷயத்தில் மூன்று வழியும் நமக்கு ஒன்றுதான், அதாவது எதிலும் கிடைக்காது. ஜங்ஷன் பக்கம் ஒரு அல்வாக் கடை முதலாளியிடம் கேட்டேன். “கார் கோயமுத்தூர்ல ஓடுது, என் யாவாரம் இங்கல்லா நடக்கு” என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

ஐரோப்பாவைப் பற்றி நான் சொன்னதில் பாதி கேள்வி ஞானம். அங்கே மகனை அனுப்பிய இரண்டு குடும்பங்களோடு பேசியதும் படித்ததும்தான். எல்ஜிபியிலும் எங்கள் அனுபவம் இன்னும் இளசு. இதிலிருந்து சம்பளம் வாங்கும் ஓட்டுநராவானா என்று இப்போது சொல்ல முடியாது. பயிற்சியாளர், கார் கம்பெனியில் சோதனை ஓட்டுநர், ஜிடி பந்தயம் (கூரை போட்ட ஸ்போர்ட்ஸ் கார்களின் பந்தயம்) என்று பக்க வழிகள் உண்டு. ஃபார்முலா மாருதியில் தொடங்கி 2010இல் ஃபார்முலா 2 வரை ஓட்டிய நடிகர் அஜித் குமார், பல வருடம் கழித்து ஜிடி பக்கம் வந்தார். 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் அவர் அணி தன் பிரிவில் மூன்றாவது. அவர் வசதி வேறு என்பது தெரியும், ஆனால் ஃபார்முலா காரில் பழகிய கை வீண்போகாது என்பதற்காகச் சொன்னேன்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே தேசியக் கார்ட்டிங்கில் எல்லோரையும் அடித்து ஓட்டுகிற பிள்ளை, பின்னால் தாங்கிப் பிடிக்க ஒரு பெரிய கம்பெனி, இரண்டும் இருந்தால் கோவையில் நேரம் கடத்தாமல் ஐரோப்பாவுக்கு அனுப்புங்கள். வயது ஏற ஏற அந்த வண்டி நிற்காது.

மற்றவர்கள் எந்த வழியில் போனாலும் முன்பணம் கொடுக்கும் முன் அணியிடம் மூன்று விஷயம் எழுத்தில் வாங்குங்கள். சேதாரத்துக்கு உச்சவரம்பு உண்டா, அடுத்தவன் இடித்தால் யார் கட்டுவது, முன் இறக்கையும் சஸ்பென்ஷன் கையும் என்ன விலை. மூன்றாவதைக் கேட்டதும் சில அணிக்காரர்கள் பேச்சை மாற்றுவார்கள். அவர்களிடம் நாங்கள் திரும்பப் போகவில்லை.