ஸ்டாக் போட்டோ விற்று இன்னும் சம்பாதிக்க முடியுமா? எந்தத் தளத்தில், எந்த மாதிரிப் படத்துக்கு

ஸ்டாக் போட்டோ என்பது முன்கூட்டியே எடுத்துத் தளத்தில் ஏற்றி வைக்கும் படம், தேவைப்படுபவர் பணம் கட்டி டவுன்லோடு செய்து பயன்படுத்துவார், அதில் ஒரு பங்கு நமக்கு வரும். அதை விற்றே பிழைக்கலாமா என்று இன்று புதிதாக ஒருவர் கேட்டால் முடியாது என்றுதான் சொல்வேன். வீட்டு வாடகையும் மளிகைச் செலவும் அந்தப் பணத்தை நம்பி இருக்கக் கூடாது. ஆனால் படம் எடுப்பது ஏற்கெனவே தொழிலாகவோ விடாத பழக்கமாகவோ இருந்து, நல்ல படங்கள் ஹார்ட் டிஸ்க்கில் சும்மா கிடக்கின்றன என்றால், அவற்றை எங்கே போட்டால் என்ன கிடைக்கும் என்று பார்க்கலாம். எல்லாத் தளத்திலும் போட்டு வையுங்கள், எங்காவது விற்கும் என்று சொல்பவர்கள் அதற்குச் செலவாகும் நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

பெரும்பாலோர் முதலில் போய் நிற்கும் இடங்கள் ஷட்டர்ஸ்டாக்கும் அடோபி ஸ்டாக்கும். 2003இல் தொடங்கிய ஷட்டர்ஸ்டாக்தான் சந்தா கட்டி மொத்தமாகப் படம் எடுத்துக்கொள்ளும் முறையைப் பரவலாக்கியது. அங்கே பல வருடங்களாக ஒரு சந்தா டவுன்லோடுக்கு 25 முதல் 38 சென்ட் வரை கொடுத்தார்கள், பழைய ஆட்களுக்கு அதிகம், புதியவர்களுக்குக் குறைவு, ஆனால் ஏறிய படியிலிருந்து யாரும் கீழே இறங்கியதில்லை. 2020 ஜூனில் அதை மாற்றினார்கள். இப்போது ஆறு படிகள், விற்ற விலையில் 15 சதவீதத்தில் தொடங்கி 40 சதவீதம் வரை, குறைந்தபட்சம் ஒரு டவுன்லோடுக்கு 10 சென்ட். ஒரு வருடத்தில் 100 டவுன்லோடு தாண்டினால் 20 சதவீதத்துக்குப் போகலாம், 500 தாண்டினால் 30, உச்சியில் இருக்கும் 40 சதவீதத்தைத் தொட 25,000 தாண்ட வேண்டும். இதில் என்னை இன்றும் கோபப்படுத்துவது சதவீதம் இல்லை. ஒவ்வொரு ஜனவரி 1ஆம் தேதியும் எல்லாரையும் மறுபடி 15 சதவீதத்துக்கு இறக்கிவிடுகிறார்கள், பத்து வருடமாகப் படம் கொடுத்தவரும் நேற்றுச் சேர்ந்தவரும் அன்றைக்கு ஒரே படியில். நிறைய விற்பவர் சில நாட்களில் மேலே ஏறிவிடுவார். மெதுவாக விற்பவருக்குத்தான் வருடத்தில் பாதி அந்தக் கீழ்ப்படியிலேயே போய்விடும்.

அடோபியில் கணக்கு எளிது. படத்துக்கு 33 சதவீதம், வீடியோவுக்கு 35, ஜனவரியில் கீழே இறக்கும் வேலை கிடையாது, சந்தா டவுன்லோடுக்கும் 33 சென்ட்டாவது வரும் என்று எதிர்பார்க்கலாம். ஃபோட்டோஷாப்பில் வேலை செய்யும் டிசைனர் அந்த மென்பொருளை விட்டு வெளியே வராமலேயே படத்தைத் தேடி வாங்க முடியும் என்பதால் வாங்குபவர்களும் அங்கே இருக்கிறார்கள். 100 டாலர் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 33 சென்ட் என்றால் ஏறக்குறைய 300 டவுன்லோடு போதும், 10 சென்ட் என்றால் 1,000 வேண்டும். ஒரே படம், ஒரே உழைப்பு. இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் யோசிக்காமல் அடோபியைச் சொல்வேன்.

ஆனால் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இங்கே இல்லை. தலைப்பையும் கீவேர்டையும் (வாங்குபவர் தேடும் சொற்கள்) படத்துக்குள்ளேயே ஒரு தடவை எழுதிவிட்டால் இரண்டு தளமும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும், இரண்டாவது தளத்துக்கு அதிக வேலை இல்லை. மூன்றாவது, நான்காவது, ஐந்தாவது என்று சின்னச் சின்னத் தளங்களுக்குப் போகும்போதுதான் இந்த நியாயம் உடைகிறது. ஒவ்வொன்றிலும் வகை தேர்வு செய்ய வேண்டும், மாடல் ரிலீஸ், அதாவது படத்தில் இருப்பவர் கையெழுத்திட்ட சம்மதத் தாள், மறுபடி ஏற்ற வேண்டும், பணம் எடுக்கும் குறைந்தபட்சத் தொகையைத் தொடுவதற்குள் ஆர்வமே போய்விடும்.

நேரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து, தூசி நீக்கி, பெயர்ப்பலகையும் லோகோவும் இருந்தால் அழித்து, கீவேர்டு எழுத 10 நிமிடம் என்று குறைத்தே வைத்தாலும், 300 படத்துக்கு 50 மணி நேரம். அதில் படம் எடுத்த நேரமும் பயணமும் சேரவில்லை. அந்த 300 படத்தில் பெரும்பகுதி ஒரு தடவைகூட விற்காது. ஒரு தடவை ஏற்றிவிட்டால் காலம் முழுக்க பணம் வந்துகொண்டே இருக்கும் என்ற பேச்சை நம்பவே நம்பாதீர்கள். ஷட்டர்ஸ்டாக்கில் மட்டும் 2022லேயே 40 கோடிக்கும் மேல் படங்கள் இருந்தன. புதிதாக ஏற்றுவதை நிறுத்தினால் உங்கள் பழைய படங்கள் தேடலில் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

இதற்கெல்லாம் மேல் ஏஐ வந்தது. 2022 டிசம்பரில் அடோபி ஸ்டாக் ஏஐ படங்களை, அவை ஏஐ என்று குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு ஏற்கத் தொடங்கியது. இன்னொரு பெரிய படத் தளமான கெட்டி இமேஜஸ் அதே வருடம் செப்டம்பரில் அவற்றைத் தடை செய்திருந்தது. அடுத்த வருடம் அடோபி தன் ஸ்டாக் படங்களை வைத்துப் பயிற்சி கொடுத்த ஃபயர்ஃபிளை என்ற ஏஐ படக் கருவியை வெளியிட்டது, படம் கொடுத்தவர்களுக்கு போனஸ் என்று ஒரு தொகையும் கொடுத்தது. அந்தத் தொகை எவ்வளவு என்பதை அவர்கள்தான் முடிவு செய்கிறார்கள் என்பதால், அதை வருமானத் திட்டத்தில் சேர்க்கக் கூடாது. ராயல்டி (விற்பனையில் நமக்கு வரும் பங்கு) விஷயத்தில் அடோபியை மேலே வைத்த நான், இந்த விஷயத்தில் அதே அளவு மெச்ச மாட்டேன்.

கைகுலுக்கும் இரண்டு பேர், மேசையில் லேப்டாப்பும் காப்பிக் கோப்பையும், வெள்ளைப் பின்னணியில் பழம், மங்கலான வண்ணப் பின்னணி என்று ஒரு காலத்தில் ஸ்டாக்கில் சோறு போட்ட படங்கள் எல்லாவற்றையும் இப்போது வாங்குபவரே ஒரு வரி தட்டி உருவாக்கிக்கொள்கிறார். இலவசமாகவும் கிடைக்கிறது. இலவசப் படத் தளமான அன்ஸ்பிளாஷ் 2013இல் தொடங்கியபோது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2021இல் கெட்டியே அதை வாங்கியது, அதற்கு முன்பே அதே மாதிரித் தளங்களான பெக்ஸெல்ஸும் பிக்ஸாபேயும் டிசைன் நிறுவனமான கேன்வா கைக்குப் போய்விட்டன. இந்த வகைப் படத்தை இன்று எடுத்து எந்தத் தளத்தில் போட்டாலும் வீண் வேலை.

மிஞ்சுவது எது என்றால், உண்மையில் நடந்தது, உண்மையில் இருப்பது. பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடிய கட்டடம், ஒரு ஊர்வலம், ஒரு தொழிற்சாலைக்குள் ஒரு குறிப்பிட்ட இயந்திரம் ஓடும் விதம், சரியான அறிவியல் பெயரோடு ஒரு பூச்சி. பாடப்புத்தகம் போடுபவருக்கும் செய்தி எழுதுபவருக்கும் அந்தப் பூச்சிக்கு ஆறு கால் இருந்தால் மட்டும் போதாது, அது அந்தப் பூச்சியாகவே இருக்க வேண்டும். இங்கேதான் அலமி ஒப்பீட்டுக்குள் வருகிறது.

அலமி 1999இல் தொடங்கிய பிரிட்டன் தளம், 2020இல் பிஏ மீடியா என்ற செய்திக் குழுமத்திடம் போனது. அங்கே எடிட்டோரியல் படங்களுக்கு, அதாவது விளம்பரத்துக்கு இல்லாமல் செய்திக்கும் புத்தகத்துக்கும் போகும் படங்களுக்கு, மதிப்பு அதிகம். ரிவ்யூவில் படத்தின் தொழில்நுட்பத் தரத்தை மட்டும் பார்ப்பார்கள், இந்தப் பொருளில் எங்களிடம் நிறைய இருக்கிறது என்று திருப்பி அனுப்ப மாட்டார்கள். ஆனால் ஒரே தொகுப்பாக அனுப்பியதில் ஒரு படம் தோற்றால் மொத்தத் தொகுப்பும் தோற்கும், அதனால் கூர்மையில் சந்தேகம் இருக்கும் படத்தைச் சேர்க்கவே கூடாது. மற்ற தளங்களிலும் விற்கும் படத்துக்கு 40 சதவீதம். 2021இல் கொண்டுவந்த விதிப்படி ஒரு வருடத்தில் மொத்த விற்பனை 250 டாலரைத் தொடாவிட்டால் 20 சதவீதத்துக்கு இறங்கிவிடும், தளத்தில் கொஞ்சம் படங்களே வைத்திருப்பவருக்கு இது பெரிய அடி. விற்பனை அரிதாகத்தான் நடக்கும், நடந்தாலும் வாங்கியவர் பணம் கட்டி அது உங்கள் கணக்குக்கு வர மாதக்கணக்கில் ஆகலாம். இருந்தாலும் 20 டாலருக்கு ஒரு படம் போனால் 8 டாலர் கையில் நிற்கும், அடோபியில் அதற்கு ஏறக்குறைய 24 சந்தா டவுன்லோடு வேண்டும். பொறுமையும் சரியான தலைப்பு எழுதும் பழக்கமும் உள்ளவருக்கு எடிட்டோரியல் படங்களில் என் முதல் தேர்வு அலமிதான்.

ஒரே தளத்துக்கு மட்டும் கொடுப்பது பற்றியும் கேட்பார்கள். ஐஸ்டாக் தளத்தில் வேறு இடங்களிலும் விற்பவர்களுக்குப் படத்துக்கு 15 சதவீதம், அங்கே மட்டுமே கொடுப்பதாக ஒப்பந்தம் போட்டால் 25 முதல் 45. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் உங்கள் ராயல்டி ஃப்ரீ படங்கள் (ஒரு தடவை பணம் கட்டினால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்ற வகை) மொத்தத்தையும் ஒரே கூடையில் வைக்கிறீர்கள், இப்போது ஆரம்பிப்பவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஸ்டாக்சி வேறு மாதிரி. அது படம் எடுப்பவர்களே உறுப்பினர்களாக இருக்கும் கூட்டுறவு, வழக்கமான லைசென்ஸில் (படத்தைப் பயன்படுத்தும் அனுமதி) 50 சதவீதமும் கூடுதல் உரிமை தரும் விரிவான லைசென்ஸில் 75 சதவீதமும் தருகிறார்கள். உள்ளே போவது கடினம், படங்களைக் கண்டிப்பாகத் தேர்ந்தெடுப்பார்கள். சொந்தப் பாணி என்று ஒன்று இருந்தால் விண்ணப்பித்துப் பாருங்கள்.

வீடியோவுக்கு ஒரு கிளிப்புக்குக் கிடைக்கும் தொகை படத்தைவிட அதிகம், அதே இடத்தில் ட்ரைபாட் வைத்து 20 விநாடி கூடுதலாக நிற்பதுதான் வேலை என்றால் கட்டாயம் செய்யலாம்.

இவை எல்லாவற்றுக்கும் எதிரே நேரடி வாடிக்கையாளரை வைத்துப் பார்த்தால் ஸ்டாக்கின் அளவு தெரிந்துவிடும். ஒரு நிறுவனத்துக்கு ஒரு நாள் படம் எடுத்துக் கொடுத்தால், சம்பளம் அன்றைய வேலைக்கே பேசி முடிவாகிறது, 1,000 டவுன்லோடுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆள் பிடிப்பது, பேரம், பில் பின்னால் அலைவது எல்லாம் அதில் உண்டு, ஸ்டாக்கில் அந்தத் தலைவலி இல்லை. அதனால் வேலை நேரத்தின் பெரும்பகுதி இந்தப் பக்கம் போக வேண்டும் என்பதுதான் என் கருத்து. ஒப்பந்தத்தில் உரிமை உங்களிடம் இருந்தால் அந்த வேலையில் மீந்த படங்கள் ஸ்டாக்குக்குப் போகலாம், படத்தில் இருப்பவர்களிடம் ரிலீஸை அன்றைக்கே வாங்கிவிடுங்கள், பிறகு தேடிப்போய் வாங்குவது நடக்காது.

தளங்களும் நிலையாக இல்லை. கெட்டியும் ஷட்டர்ஸ்டாக்கும் இணையப்போவதாக 2025 ஜனவரியில் அறிவித்தன, விற்பவருக்குப் பேரம் பேசும் இடம் இன்னும் சுருங்கும் என்றே நினைக்கிறேன். ஐயெம் என்ற படத் தளம் 2023இல் திவாலானது, பிறகு ஃப்ரீபிக் என்ற இன்னொரு தளம் அதை வாங்கியது. எடுக்கக்கூடிய தொகை சேர்ந்த அன்றே பணத்தை எடுத்துவிடுங்கள், அடோபியில் அது 25 டாலர், அலமியில் 50. மூல ஃபைல்களையும் ரிலீஸ் தாள்களையும் கீவேர்டு எழுதிய பிரதியையும் உங்களிடமே வைத்திருந்தால், நாளைக்கு ஒரு தளம் மூடினாலும் படங்களை வேறு இடத்துக்கு மாற்ற ஒரு வாரம் போதும்.